மார்க்கா வெட்டிய நெஞ்சுப் படம்

படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். சாத்தூரில் எக்ஸ்ரே எடுத்தவர் வாயால் சொன்னார். விருதுநகரில் சி.டி. எடுத்தவர்கள் சந்தேகம் என்று போட்டு எழுதியே கொடுத்தார்கள். மதுரையில் எடுத்த பெட் ஸ்கேனில் வலது நுரையீரலின் மேல் பக்கம் விளக்கு போட்ட மாதிரி எரிந்தது. அதைப் பார்த்த பிறகு என் அக்கா குருவம்மாள் அழுவதை நிறுத்திவிட்டாள். அவள் புருஷன் ஊர்க்காவலனுக்குப் புற்றுநோய் என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

நான் முடிவு செய்யவில்லை. எனக்கு இந்த விஷயத்தில் பாதி விவரம் தெரியும். மதுரையில் ரேடியாலஜி டிப்ளமோ படித்து இரண்டாம் வருஷம் விட்டவன். விட்ட பிறகு ஒரு ஸ்கேன் சென்டரில் நாலு வருஷம் ராத்திரி ஷிப்ட் பார்த்தேன். சர்டிபிகேட் இல்லாதவனுக்குப் பகல் ஷிப்ட் தர மாட்டார்கள். பகலில் யாராவது கேட்டுவிடுவார்கள்.

அங்கே ஆடு மேய்க்கிறவர் ஒருவருக்கு நெஞ்சைப் படம் எடுத்தேன். எடுத்து முடித்ததும் என்ன இருக்கிறது என்று கேட்டார். எல்லோரும் கேட்பதுதான். டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லி அனுப்ப வேண்டும். அன்றைக்கு நான் கேன்சர் மாதிரி இருக்கிறது என்றேன். அவர் மூன்று மாதம் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. ஆட்டுக்கிடையை விற்றார். மகளை அவசரமாகக் கட்டிக்கொடுத்தார். கடைசியில் யாரோ இழுத்துக்கொண்டு போய்ச் சோதித்தபோது அது டி.பி. மாத்திரையில் சரியாகிற டி.பி.

நான் அந்த வேலையை விட்டேன். இப்போது சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் காலண்டர் ஓட்டுகிறேன், அதுவும் ராத்திரி ஷிப்ட். நிழலைப் பார்த்து நோய்க்குப் பேர் வைக்கக் கூடாது. நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

புதன்கிழமை காலையில் ஷிப்ட் முடிந்து படுக்கப் போகும்போது அக்கா போன் செய்தாள். முந்தின நாள் விருதுநகரில் நெஞ்சு நோய் டாக்டர் லட்சுமிகாந்தம் அம்மாளிடம் போயிருக்கிறார்கள். அந்த அம்மாள் எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டு, ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்துச் சோதித்த பிறகுதான் எது என்று சொல்ல முடியும் என்றிருக்கிறார். ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் மச்சான் எழுந்து வெளியே வந்துவிட்டார். செருப்பைக்கூட அங்கேயே விட்டுவிட்டாராம்.

நான் தூங்காமல் பஸ் ஏறினேன். அவர்கள் ஊர் சாத்தூருக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் நடுவில் இருக்கிறது. நான் போனபோது மச்சான் சவரம் செய்து குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தெட்டு வயது. மூன்று மாதத்தில் எட்டு கிலோ குறைந்திருந்தார். சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றி எட்ட நின்றது. ஆனால் முகம் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவு எனக்குப் பிடிக்கவில்லை.

"வாங்க மாப்ள. சாப்பிட்டீகளா?"

சாப்பிட்டாகிவிட்டது என்று பொய் சொன்னேன். ஊசிக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்டேன். கீழத் தெரு பாண்டிச்செல்வத்தின் கதையைச் சொன்னார். அவருக்கு ஊசி விட்டுப் பார்த்த நாற்பதாம் நாள் ஆள் இல்லை. ஊசி பட்டால் தேன்கூட்டைக் கலைத்த மாதிரி உடம்பெல்லாம் பரவிவிடும் என்றார். பாண்டிச்செல்வம் ஆஸ்பத்திரிக்குப் போனதே முற்றிப்போன பிறகுதான் என்று நான் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.

"அத விடுங்க. திங்கக்கெழமையில இருந்து சுந்தரபாண்டி அண்ணாச்சிகிட்ட வேலைக்குப் போறேன். மருந்து ரூமு."

அக்கா அடுப்படி வாசலில் நின்றாள். அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது அவள் தரையைப் பார்த்ததில் புரிந்தது.

எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை வெடியாபீஸ் என்போம். அதில் மருந்து ரூம் என்பது ரசாயனப் பொடிகளைச் சலித்துக் கலக்கும் அறை. மற்ற அறைகளிலிருந்து தள்ளி, தனியாக, கனமான சுவரோடு இருக்கும். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிடுவார்கள். ஒரு பொறி பட்டால் அறையே வெடிக்கும் என்பதால் கையில் மோதிரம், அரைஞாணில் வெள்ளி எதுவும் இருக்கக் கூடாது. உள்ளே போகும்போது தண்ணீரில் கை நனைத்துவிட்டு வெறுங்காலோடு போக வேண்டும். மச்சான் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வெடியாபீஸை விட்டு விருதுநகரில் மிளகாய் வத்தல் மூடை அடுக்கும் கிட்டங்கிக்கு வேலைக்குப் போனதே, அந்த அறைக்குத் தன்னை மாற்றிவிடுவார்களோ என்ற பயத்தில்தான்.

இப்போது தானாகப் போய்க் கேட்டிருக்கிறார். சீசன் நேரம், ஆள் கிடைக்கவில்லை, போர்மேன் சுந்தரபாண்டி சரி என்றிருக்கிறார். மச்சானின் கணக்கு எனக்கு உடனே புரிந்தது. நோயில் வீட்டில் கிடந்து செத்தால் குடும்பத்துக்கு எதுவும் இல்லை. அந்த அறையில் விபத்தில் செத்தால் நஷ்டஈடு இருக்கிறது. அவர் எதையும் வேண்டுமென்று செய்கிற ஆள் இல்லை. நடந்தால் நடக்கட்டும் என்று போய் நிற்கிறார். இதை எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள்.

"சாகப்போறவனுக்கு அங்கன என்ன பயம்?" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது. துண்டை வாயில் பொத்திக்கொண்டார். எடுத்து மடித்தபோது சிவப்பாக இருந்தது.

நான் அடுப்படிக்குப் போனேன். டாக்டர் முன்னால் டி.பி. வந்ததா என்று கேட்டாரா என்று அக்காவிடம் கேட்டேன். கேட்டாராம். இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். எனக்குக் கோபம் வந்தது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஆறு மாதம் டி.பி. மாத்திரை சாப்பிட்டவர் அவர். சாத்தூரில் போய் மாத்திரை வாங்கிவந்து கொடுத்ததே நான்தான்.

"மெல்லப் பேசுடா," என்றாள் அக்கா. "அழகுமீனாவ அடுத்த வாரம் பாக்க வாராக. டி.பி. வந்த வீடுன்னு தெரிஞ்சா எவன் பொண்ணெடுப்பான்?" அழகுமீனா அவர்கள் மகள்.

"கேன்சர் வந்த வீடுன்னா பரவாயில்லையாக்கும்?"

"கேன்சர் யாருக்கும் வரும். டி.பி. ஒட்டும்பாக."

அவள் முட்டாள் இல்லை. எட்டாவது வரை வகுப்பில் முதல் ஆளாக வந்தவள். அவள் சொன்னதில் தப்பும் இல்லை, மாப்பிள்ளை வீட்டார் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் டாக்டர் பார்த்த கதையில் பாதி இல்லாமல் போய்விட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். தொழில் என்ற இடத்தில் பட்டாசு வேலை என்று எழுதியிருந்தது. ஊர்ப் பேரைச் சொன்னதும் அங்கே இருந்த நர்ஸே எழுதிக்கொண்டாராம். பன்னிரண்டு வருஷம் வத்தலோடு கிடந்த மனுஷனைப் பற்றி அந்தச் சீட்டில் ஒரு வரி இல்லை.

டி.பி. வந்தபோது எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே எங்கே என்று கேட்டேன். பழைய படமும் புதுப் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எத்தனையோ விஷயம் விளங்கும். புதிதாக முளைத்ததா, பழைய இடத்திலேயே ஏதாவது வந்து குடியேறியதா என்று தெரியும். அக்கா யோசித்துச் சொன்னாள். "அத அவுக அப்பமே கிட்டங்கிக்குக் கொண்டுபோயிட்டாக. மார்க்கா வெட்ட."

மூடைமேல் கடைப் பேரைச் சாயத்தில் அச்சடிப்பதை மார்க்கா அடிப்பது என்பார்கள். அதற்கு எழுத்தை ஓட்டையாக வெட்டிய தகடு வேண்டும். எக்ஸ்ரே பிலிம் அதற்குத் தோதானது. வளையும், கிழியாது, சாயத்தில் ஊறாது. விருதுநகர்க் கிட்டங்கிகளில் எத்தனையோ பேருடைய எலும்பு ஆணியில் தொங்குகிறது. மச்சான் தன் நெஞ்சைத் தானே வெட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் நேராக விருதுநகர் போனேன். கிட்டங்கி முதலாளி கனகசபாபதி நல்ல மனுஷன், சளசளவென்று பேசுவார். ஊர்க்காவலனைப் பற்றி நல்லதாகப் பத்து நிமிஷம் சொன்னார். தகட்டைக் கேட்டதும் மட்டும் யோசித்தார். அன்றைக்கு லோடு ஏற வேண்டியிருந்தது. பிரஸ்ஸில் பழைய அலுமினியம் பிளேட் சும்மா கிடக்கிறது, அதில் புதுத் தகடு வெட்டித் தருகிறேன் என்று சொன்னேன். இன்றைக்கு லோடு முடியட்டும், நீங்கள் அதுவரை உட்காருங்கள் என்றார்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். உள்ளே பத்துப் பெண்கள் வத்தல் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முகத்தில் துண்டு கட்டியிருந்தார்கள். ஒரு மூலையில் மழையில் நனைந்து கெட்ட மூடைகள் தனியாக அடுக்கியிருந்தன. அவற்றைப் பிரித்து உதறி, தேறியதைப் பொறுக்கித் தள்ளுவது மச்சானின் வேலையாக இருந்தது. இப்போது வேறொருவர் செய்துகொண்டிருந்தார். அவர் மூடையைக் கவிழ்த்து உதறியபோது சாம்பல் நிறத்தில் ஒரு புகை எழும்பி வாசல் வெளிச்சத்தில் நின்றது. நான் ஒரு வத்தலை எடுத்து உடைத்தேன். விதைமேல் பஞ்சு மாதிரி பூஞ்சணம் பூத்திருந்தது. நாலு வத்தலைத் தாளில் பொதிந்து பைக்குள் வைத்துக்கொண்டேன்.

லோடு ஏறிய பிறகு தகடு கைக்கு வந்தது. இரண்டு பக்கமும் கருஞ்சாயம் பட்டை பட்டையாக ஏறியிருந்தது. மண்ணெண்ணெய் கேட்டு வாங்கித் துணியில் நனைத்து மெதுவாகத் துடைத்தேன். படத்தின் கீழ்ப்பாதியில் கே, எஸ், பி என்று மூன்று ஆங்கில எழுத்து பெரிதாக வெட்டியிருந்தது. இருதயம் இருக்க வேண்டிய இடம் ஓட்டையாக இருந்தது. மேல்பாதி தப்பியிருந்தது. மேல் மூலையில் பேரும் வயதும் தேதியும் இருந்தன. வாசலுக்கு வந்து வானத்துக்கு எதிராகப் பிடித்தேன். வலது நுரையீரலின் உச்சியில் வளையம் மாதிரி ஒரு குழி. டி.பி. தின்றுவிட்டுப் போன இடம். இப்போது கட்டி இருப்பதாகச் சொல்கிற அதே இடம்.

டாக்டர் லட்சுமிகாந்தம் அம்மாள் அன்றைக்கு மாலையே என்னைப் பார்த்தார். தகட்டை விளக்குப் பெட்டியில் மாட்டினார். வெட்டிய எழுத்துகளின் வழியாக வெளிச்சம் கண்ணில் குத்தியது. ஒரு அட்டையை வைத்துக் கீழ்ப்பாதியை மறைத்துவிட்டு மேல்பாதியை ரொம்ப நேரம் பார்த்தார். யார் வெட்டியது என்று கேட்டார். நோயாளியே என்றேன். டி.பி. இல்லை என்று சொன்னார்களே என்றார். பொய் என்றேன். பிறகு வத்தல் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தேன். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு உடனே மூடி, கையைக் கழுவிக்கொண்டார்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தத் தூசியை மூச்சில் இழுக்கிற எல்லோருக்கும் பூஞ்சை உள்ளே போகும். நல்ல நுரையீரல் அதை வெளியே தள்ளிவிடும். பழைய குழி இருக்கிற ஆளுக்கு அங்கே தங்கி உருண்டு வளரும், சுவரைத் தின்னும், ரத்தம் வரவைக்கும். சி.டி.யில் கட்டி மாதிரி முள்முள்ளாகத் தெரியும். பெட் ஸ்கேனில் எரியும். சர்க்கரையை ஆவேசமாகத் தின்கிற எதுவும் அதில் எரியும், புற்றும் எரியும், டி.பி.யும் எரியும், பூஞ்சையும் எரியும்.

"அப்ப இது கேன்சர் இல்ல," என்றேன்.

"நான் அப்படிச் சொன்னேனா?" என்றார். "பழைய தழும்புல கேன்சரும் வரும். ரெண்டும் சேர்ந்தும் இருக்கும். நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பாதி."

"முழுசாப் படிச்சிருந்தா இவ்வளவு உறுதியாப் பேச மாட்டீங்க. ஊசி இல்லாம நான் ஒரு அடி நகர மாட்டேன். பூஞ்சை இருக்கிற ஆளுக்குத் தெரியாம கேன்சர் மருந்து ஏத்தினா எதிர்ப்புச் சக்தி போய் பூஞ்சை அவரத் தின்னுரும்."

ஊசியில் என்ன ஆபத்து என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார். காற்று கசியலாம், ரத்தம் வரலாம், இரண்டுக்கும் ஆஸ்பத்திரியிலேயே வைத்தியம் உண்டு. ஊசியால் பரவும் என்று ஊரில் பேசுவது பத்தாயிரத்தில் ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு பேசுவது. ஆளைக் கூட்டிவாருங்கள் என்று சொல்லி, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

ஆளைக் கூட்டி வருவதுதான் முடியவில்லை. வெள்ளியும் சனியும் பேசிப் பார்த்தேன். டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். மச்சான் பொறுமையாகக் கேட்டார். வத்தல் தூசியில் சாவதென்றால் விருதுநகரில் பாதிப்பேர் செத்திருக்க வேண்டும் என்றார். அக்கா நான் டாக்டரிடம் டி.பி.யைச் சொன்னதற்காக என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். திங்கட்கிழமைக்கு ஒரு நாள்தான் பாக்கி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் ஏழாயிரம்பண்ணைக்குப் போனேன், போர்மேன் வீட்டுக்கு. சுந்தரபாண்டி தலைக்குச் சாயம் தடவிக் காயவைத்துக்கொண்டு, தோளில் கிழிந்த துண்டோடு முற்றத்து வெயிலில் உட்கார்ந்திருந்தார். மீசைக்கும் தடவியிருந்தார். அதனால் உதட்டை அசைக்காமல் பேசினார்.

திங்கட்கிழமை வரப்போகிற ஊர்க்காவலன் ரத்தமாக இருமுகிறார் என்பது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. வத்தல் நெடி ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் வேலை மாற்றிக்கொள்கிறேன் என்றுதான் மச்சான் சொல்லியிருக்கிறார். டாக்டர்கள் என்ன சந்தேகப்படுகிறார்கள் என்றும், மச்சான் எதற்காக அந்த அறையைக் கேட்கிறார் என்று நான் நினைப்பதையும் சொன்னேன். சுந்தரபாண்டி மீசையை மறந்துவிட்டார்.

"மருந்து சலிக்கையில தும்மல் வந்தாலே சல்லடையக் கீழ வச்சுட்டு வெளிய ஓடியாரணும்னு சொல்லி வச்சிருக்கேன். இருமுற ஆளா?" என்றார். உள்ளே குரல் கொடுத்துப் போனைக் கொண்டுவரச் சொன்னார். என் முன்னாலேயே கூப்பிட்டார்.

"ஏலே ஊர்க்காவலா. அந்த ரூம்ல ஒங்கூட யாரப் போட்டிருக்கேன் தெரியுமாலே? மணிமுத்த. அவனுக்கு மூணு பிள்ளைக. நீ சாகணும்னு நெனச்சா அது ஒம்பாடு. அவனையும் கூட்டிக்கிட்டுப் போக ஒனக்கு எவன்லே அதிகாரம் குடுத்தது?"

போனில் இருமல் சத்தம் எனக்கே கேட்டது.

"என்ன வியாதின்னு சோதிச்சு டாக்டர்கிட்டப் பேப்பர் வாங்கியா. பேப்பர் இல்லாம வந்தேன்னா கேட்டுலயே நிறுத்திருவேன்."

போனை வைத்துவிட்டு, சாயம் தோளில் வழிவதைத் துடைத்துக்கொண்டு, நல்லவேளை வந்து சொன்னீர்கள் என்றார். காப்பி குடிக்கச் சொன்னார். நான் குடித்தேன். அந்த ஒரு வாரத்தில் எனக்கு உள்ளே இறங்கிய முதல் காப்பி அது.

திங்கட்கிழமை மச்சான் எங்கும் போகவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் நான் பிரஸ்ஸை விட்டு வெளியே வரும்போது வாசலில் அவரும் அக்காவும் நின்றார்கள். அவர் சட்டையை உள்ளே செருகி, பெல்ட் போட்டிருந்தார். என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துப் பேசினார். "பேப்பர் வாங்கப் போவோம்."

அவர் ஊசிக்கு ஒத்துக்கொண்டது உயிர்மேல் ஆசை வந்து இல்லை. கேட்டில் நிறுத்திவிடுவேன் என்று ஒருவர் சொன்ன சொல் தைத்துவிட்டது. எனக்கு அது போதும். பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தவர் திருத்தங்கல் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்.

"மணிமுத்து அந்த ரூம்ல இருக்கான்னு எனக்குத் தெரியாது மாப்ள."

"மணிமுத்து இல்லைன்னா இன்னொருத்தன் இருப்பாம்ல?"

அவர் விருதுநகர் வரும்வரை உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே வந்தார்.

டாக்டர் அறையில் தகடு இன்னும் விளக்குப் பெட்டியிலேயே மாட்டியிருந்தது. மச்சான் உள்ளே நுழைந்ததும் அதைப் பார்த்துவிட்டார். "எந் தகடு," என்றார்.

"உங்க நெஞ்சு," என்றார் டாக்டர். "டி.பி. வந்ததா, இல்லையா?"

மச்சான் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் தலையை அசைக்கவும் இல்லை, வேண்டாம் என்று சைகை காட்டவும் இல்லை. வந்தது என்றார் மச்சான். ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டேன், ஒரு நாள் விடவில்லை என்றார். அதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. டாக்டர் பழைய சீட்டில் பட்டாசு என்று இருந்ததை அடித்துவிட்டு வத்தல் கிட்டங்கி என்று எழுதினார்.

ஊசி இரண்டு நாள் கழித்துப் போட்டார்கள். சி.டி. மெஷினில் படுக்கவைத்து, படம் பார்த்துப் பார்த்து ஊசியை இறக்குவார்கள். என்னை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். நான் நாலு வருஷம் நின்ற இடம் மாதிரிதான், ஆனால் கையில் வேலை இல்லை. ஊசி உள்ளே இருக்கும்போது இருமக் கூடாது, மூச்சை அடக்க வேண்டும். ராத்திரி முழுக்க இருமுகிற மனுஷன் மூன்று தடவை மூச்சை அடக்கிக் கல் மாதிரி கிடந்தார். நெற்றியில் மட்டும் வேர்வை ஓடியது. எடுத்ததை இரண்டு பாட்டிலில் போட்டார்கள். ஒன்று புற்றுச் செல் இருக்கிறதா என்று பார்க்க, இன்னொன்று பூஞ்சையை வளர்த்துப் பார்க்க. அன்று சாயங்காலம் கொஞ்சம் ரத்தம் துப்பினார். இரண்டாம் நாள் நின்றது. வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு பதினொரு நாள். மச்சான் தினமும் காலையில் கண்ணாடியில் முகம் பார்ப்பதாக அக்கா சொன்னாள். பரவுகிறதா என்று பார்க்கிறாராம். முகத்தில் எப்படித் தெரியும் என்று அவள் கேட்டதற்கு, பாண்டிச்செல்வத்துக்குத் தெரிந்தது என்றாராம். மாப்பிள்ளை வீட்டார் வருவதை உடம்பு சரியில்லை என்று சொல்லி இரண்டு வாரம் தள்ளிப்போட்டிருந்தார்கள். நான் பகலில் தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன். என்ன வந்தாலும் அது ஊகமாக இருக்காது என்பது எனக்கு நிம்மதியாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் டாக்டர் கூப்பிட்டார். மூன்று பேரும் போனோம். அவர் வாழ்த்துச் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. தாளைத் திருப்பிக் காட்டினார்.

எடுத்த சதையில் புற்றுச் செல் எதுவும் இல்லை. பூஞ்சை இழைகள் கிளை கிளையாக இருந்தன. தட்டில் வளர்த்ததிலும் அதே பூஞ்சைதான் வந்தது, ரத்தச் சோதனையும் அதையே சொன்னது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும். ஈரலைப் பாதிக்கிறதா என்று அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும். மூன்று மாதத்தில் மறுபடியும் சி.டி. எடுத்து, சுருங்குகிறதா என்று பார்ப்பார். சுருங்காவிட்டால் மறுபடியும் சோதிப்பார். ரத்தம் அதிகமாக வந்தால் எந்த நேரமானாலும் வர வேண்டும். கிட்டங்கிப் பக்கம் இனிமேல் போகவே கூடாது.

"இது முழுசாப் போயிருமா?" என்று மச்சான் கேட்டார்.

"அடங்கும். சில பேருக்கு அந்த இடத்த அறுத்து எடுக்க வேண்டியிருக்கும். இப்போதைக்கு மாத்திரைய விடாமச் சாப்பிடுங்க. டி.பி. மாத்திரைய ஒரு நாள்கூட விடலன்னு சொன்னீங்கள்ல, அந்த மாதிரி."

வெளியே வந்து மருந்துச் சீட்டைக் கொடுத்து மாத்திரை வாங்கும்போது அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் அடக்கிவைத்திருந்ததை அங்கே உட்கார்ந்து அழுதாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது ஆஸ்பத்திரி.

சாத்தூரில் இறங்கியதும் மச்சான் ஏழாயிரம்பண்ணைக்குப் போகிற பஸ்ஸைக் காட்டினார். அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானும் அவரோடு ஏறினேன். எதற்குப் போகிறோம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பேப்பர் அவர் சட்டைப் பையில் இருந்தது. வத்தல் வேலை போய்விட்டது. வீட்டில் கல்யாணம் வருகிறது. மருந்து ரூமில் கூலி அதிகம். சாகாத மனுஷனுக்கும் அந்த அறைக்குப் போகக் காரணம் இருக்கத்தான் செய்கிறது.

வெடியாபீஸ் கேட்டுக்கு வெளியே வேன்கள் நின்றன. ஷிப்ட் விட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், கையெல்லாம் வெள்ளிப் பொடி. சுந்தரபாண்டி வெளியே வந்தார். மச்சான் பேப்பரை நீட்டினார். அவர் வாங்கி, இங்கிலீஷைப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்து என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். கேன்சர் இல்லை, பூஞ்சை என்று சொன்னேன். மருந்து ரூமுக்குப் போகலாம் என்று போட்டிருக்கிறதா என்றார்.

நான் வாயைத் திறக்கும் முன்னால் மச்சான் பேசினார்.

"அதுக்கு வரல அண்ணாச்சி. நான் வாரதா இருந்த எடத்துக்கு வேற ஆளப் போட்டுக்கோங்கன்னு நேருல சொல்ல வந்தேன். இருமுறத ஒங்ககிட்ட மறைச்சது தப்பு."

சுந்தரபாண்டி பேப்பரை மடித்து அவர் பையிலேயே செருகினார். நீ மறைத்ததை அன்றைக்கே மறந்துவிட்டேன் என்றார். கேட்டில் வாட்ச்மேன் வேலை தீபாவளி கழித்துக் காலியாகும், தூசி கிடையாது, கூலி கம்மி, சொல்லி வைக்கட்டுமா என்று கேட்டார். மச்சான் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். அப்போது மணிமுத்து அந்தப் பக்கமாகப் போனான், ஊர்க்காவலனைப் பார்த்து நல்லா இருக்கீகளா என்று கேட்டான். அவனுக்கு எதுவும் தெரியாது. மச்சான் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையை ஆட்டினார்.

மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் விழுங்க வேண்டும். அதனால் பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்தோம். புரோட்டா வருவதற்குள் அக்கா போன் செய்தாள். மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று கேட்கிறார்களாம். கேன்சர் இல்லை என்று மட்டும் சொல்லிவிடவா என்றாள். நான் போனை மச்சானிடம் கொடுத்தேன்.

"எல்லாத்தையும் சொல்லு," என்றார் அவர். "டி.பி. வந்துச்சு, மாத்திரை தின்னு தீந்துபோச்சு. இப்பப் பூஞ்சணம், இதுக்கும் மாத்திரை இருக்கு. இனிமே ரெண்டும் ஒட்டாது. நம்பலைன்னா அந்த டாக்டரம்மாகிட்ட வந்து கேக்கச் சொல்லு. அதுக்கும் மேல வேணாம்னா போகட்டும், வேற எடம் பாப்போம்."

அக்கா என்னவோ சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே புரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் போட்டார். பாதி சாப்பிட்டதும் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டு, தண்ணீர் குடித்தார். பிறகு கடைக்காரரைக் கூப்பிட்டு இன்னும் இரண்டு புரோட்டா வைக்கச் சொன்னார்.